ஒன்பது வயதுச் சிறுமி எழுதினாள், ஊராட்சி நடுங்கியது!

ஒரு தட்டு. அதில் ஒரு துண்டு பீட்சா. ஓர் உருளைக்கிழங்கு உருண்டை. கொஞ்சம் மக்காச்சோளம். ஓர் இனிப்பு அப்பம். அவ்வளவுதான்! அந்தத் தட்டைப் படம் பிடித்து, நாலு வரி எழுதி, உலகத்தின் முன் வைத்தாள் ஒரு சிறுமி. ஆறே வாரத்தில் அவளுக்குத் தடையுத்தரவு வந்தது. நம்ப முடிகிறதா? நம்பித்தான் ஆகவேண்டும்.

நடந்த இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை. ஆண்டு 2012. அங்கே ஒரு தொடக்கப் பள்ளி. அதில் படித்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எழுத்தில் ஆசை. பத்திரிகைக்காரி ஆகவேண்டும் என்று கனவு. தந்தை துணை நின்றார்; கணினியில் ஒரு வலைப்பூ தொடங்கினார்கள். 'நெவர் செகண்ட்ஸ்' என்று பெயர். 'இரண்டாம் முறை சோறு கிடையாது' என்று பொருள் கொள்ளலாம். தன் சொந்தப் பெயரை அவள் போட்டுக் கொள்ளவில்லை, புனைபெயரில் எழுதினாள்.

என்ன எழுதினாள்? அரசியல் எழுதினாளா? ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தாளா? இல்லை! பள்ளியில் அன்று மதியம் தனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுதினாள். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டாள். எத்தனை வாயில் தீர்ந்தது என்று எண்ணினாள். விலை என்ன, உடம்புக்கு நல்லதா என்று கேட்டாள். தலைமுடி கிடந்ததா என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்தாள்! வளரும் பிள்ளைக்கு ஒற்றைக் கிழங்கு உருண்டை போதுமா என்பதே அவள் கேள்வி. நல்ல சாப்பாடு வந்த நாளில் நன்றாக இருந்தது என்றும் எழுதினாள். நேர்மையான கணக்கு.

சில வாரங்களுக்குள் பத்து லட்சம் பார்வைகளைத் தாண்டியது அந்தப் பக்கம். பல நாட்டுப் பிள்ளைகள் தங்கள் தட்டுகளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினார்கள். பள்ளியிலோ, காய்கறியும் பழமும் ரொட்டியும் வேண்டுமட்டும் எடுத்துக் கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. பெரியவர்களின் மனுக்கள் மேசை இழுப்பறையில் தூங்குவதைக் கண்டிருக்கிறோம். ஒரு குழந்தையின் நாலு வரி, தட்டில் பழத்தைக் கொண்டுவந்து வைத்தது!

அதிகாரம் சும்மா இருக்குமா? ஒரு நாளிதழ் தன் வழக்கப்படி, சமையற்காரப் பெண்களை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்ற பொருளில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. அந்தச் சிறுமி அப்படி எழுதவே இல்லை. ஆனாலும் பள்ளிகளை நடத்தும் ஆர்கைல்–பியூட் ஊராட்சி மன்றம் அதையே சாக்காக வைத்து, 2012 சூன் 14 அன்று 'இனிச் சாப்பாட்டுக் கூடத்தில் படம் எடுக்கக் கூடாது' என்று தடை போட்டது. ஒரு பகல் ஓர் இரவு கழிவதற்குள் எங்கும் கண்டனக் குரல். மறுநாளே மன்றத் தலைவர் தடையை நீக்கினார்.

அந்த அமளியில் இன்னொன்றும் நடந்தது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமையற்கூடம் கட்ட ஏழாயிரம் பவுன் திரட்ட வேண்டும் என்று அவள் எண்ணியிருந்தாள். தடைச் செய்தி பரவிய சில நாட்களில் அந்த நிதி ஒரு லட்சம் பவுனைத் தாண்டியது, சமையற்கூடமும் எழுந்தது. வாயை மூடப் பார்த்தார்கள். பல வயிறுகள் நிறைந்தன!

கையில் கொடுப்பது எது?

இந்தக் கதையைப் பொழுதுபோக்குக்காக நாம் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் கணினி வேண்டுமா, வேண்டாமா என்று நம் ஊரில் ஒரு வாதம் நடக்கிறது. ஒரு சாரார், 'கொடு! கொடுத்தால் போதும், அறிவு தானே வந்துவிடும்' என்கிறார்கள். மற்றொரு சாரார், 'ஐயோ, கண் கெடும், கருத்துக் கெடும், பிடுங்கு!' என்கிறார்கள். இரு சாராரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அந்தக் கருவியை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்கிறது? பார்க்கிறதா? படைக்கிறதா?

இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு, தோழர்களே! யாரோ செய்த படத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது ஒன்று. தானே களிமண்ணில் ஓர் யானை செய்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, அவற்றைக் கோத்து ஒரு நொடிக்கு அந்த யானையை நடக்க வைப்பது இன்னொன்று. முன்னதில் குழந்தை வாடிக்கையாளர். பின்னதில் குழந்தை தொழிலாளி. ஏன், முதலாளியும் அதுவே! ஒரு நொடி நடைக்கு எத்தனை படம், பத்து நொடிக்கு எத்தனை என்று அது கணக்குப் போடுகிறது. கதை சொல்கிறது. பக்கத்துப் பிள்ளையோடு கூடி வேலை செய்கிறது. அதே கைப்பேசிதான், ஆனால் எசமான் மாறிவிட்டான்.

கருவியை எதிர்ப்பவர்கள் காட்டும் சான்றுகளை நாம் மறைக்கவில்லை. கல்வியில் தொழில்நுட்பம் யார் வகுத்த நிபந்தனையில் நுழைகிறது என்று யுனெஸ்கோ நிறுவனமே 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் எச்சரித்தது. அதே ஆண்டில் சுவீடன் அரசு, திரையைக் குறைத்து அச்சுப் புத்தகத்தைப் பெருக்கப் பணம் ஒதுக்கியது. சரிதான்! குழந்தையின் கையில் புத்தகம் இருக்கவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. புத்தகத்தைப் பிடுங்கிவிட்டுத் திரையைக் கொடு என்று நாம் கேட்கவில்லை. புத்தகம் படிக்கும் பிள்ளை, தானும் ஒரு பக்கம் எழுதட்டும் என்கிறோம்.

அச்சுக் கூடம் நுழைந்த வகுப்பறை

இது கணினியோடு பிறந்த எண்ணமும் அல்ல. நூறாண்டு கண்ட எண்ணம்.

பிரான்சு நாட்டின் தெற்கே, மலைச் சரிவில் பார்-சூர்-லூப் என்று ஒரு சிற்றூர். 1920-இல் அங்கே செலஸ்தேன் ஃபிரெனே என்ற இளைஞர் ஆசிரியராக வந்தார். முதல் உலகப் போரில் குண்டடிபட்டு நுரையீரல் கெட்டவர். மணிக்கணக்கில் நின்று முழங்க அவரிடம் மூச்சு இல்லை. 'நான் பேச முடியாவிட்டால் என்ன? பிள்ளைகள் பேசட்டும்' என்று வழி கண்டார். வகுப்பை வெளியே அழைத்துப் போனார். நெசவு நடக்கும் இடம், தச்சர் பட்டறை, வயல், ஓடை எல்லாம் பாடசாலை ஆயின. திரும்பி வந்து, கண்டதைப் பிள்ளைகள் தங்கள் சொல்லில் எழுதினார்கள்.

1924-இல் ஒரு சிறு கை அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்பறைக்குள் வைத்தார். பிள்ளைகள் எழுதியதில் எது அச்சேறவேண்டும் என்று பிள்ளைகளே வாக்களித்தார்கள். கரும்பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து பிழை திருத்தினார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார்கள். மை தடவினார்கள், இழுத்தார்கள், தாள் வந்தது! நத்தைகளை ஓட்டப் பந்தயம் விட்ட கதையும் தாளில் ஏறியது. ஊர்க் கதையும் ஏறியது. அச்சுக் கோப்பவர்கள் நம் வாசகர்களில் உண்டு. அந்தத் தாள் கையில் வரும்போது ஏற்படும் மகிழ்ச்சி அவர்களுக்குத் தெரியும்.

அத்தோடு நின்றதா? 1926 முதல், நாட்டின் மறு கோடியில் பிரிட்டனிக் கடற்கரையில் இருந்த ஒரு பள்ளிக்குத் தாள்கள் போயின. அங்கிருந்து தாள்கள் வந்தன. மலைப் பிள்ளைகள் கடலைப் படித்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் மலையைப் படித்தார்கள். இன்று வலைப்பூ என்கிறோமே, அதன் பாட்டன் அந்த அச்சுத் தாள்தான்! எழுதுவது, வெளியிடுவது, தூரத்தில் ஒருவர் படிப்பது, அவர் பதில் எழுதுவது—எல்லாம் அங்கே இருந்தன. அன்று தபால்காரர் சுமந்தார். இன்று கம்பி சுமக்கிறது.

பிறகு என்ன? அங்கும் அதே கதைதான். 1932 இறுதியில், செயின்ட்-பால் என்ற ஊரில் அவர் பணியாற்றிய போது, சுவர்களில் அவருக்கு எதிராகச் சுவரொட்டிகள் முளைத்தன. என்ன குற்றம்? ஒரு பிள்ளை தான் கண்ட கனவை எழுதியிருந்தது. அந்தக் கனவில் ஊர்த் தலைவருக்குக் கத்திக்குத்து! கனவுக்குக்கூட வழக்கு! வலதுசாரிப் பத்திரிகைகள் பற்றவைத்தன, 1933-இல் கூட்டம் கூடிப் பள்ளியை முற்றுகை இட்டது, ஆசிரியர் மாற்றப்பட்டார். அவர் அடங்கிவிடவில்லை. அரசு வேலையிலிருந்து விலகி, வான்ஸ் என்ற ஊரில் 1935-இல் தம் சொந்தப் பள்ளியைத் திறந்தார். 1966-இல் மறைந்தார். பிற்காலத்தில் பிரெஞ்சு அரசே அந்தப் பள்ளியை எடுத்து நடத்துகிறது. துரத்திய அரசு, தூக்கிப் பிடிக்கிறது!

1932-இல் ஒரு கனவு. 2012-இல் ஒரு தட்டுச் சோறு. எண்பது ஆண்டு இடைவெளி. ஆனால் நடுக்கம் ஒன்றே. குழந்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் கைதட்டுகிறார்கள். தான் கண்டதைச் சொன்னால் தடை போடுகிறார்கள். எழுதப் பழகிய குழந்தை கேட்கவும் பழகிவிடும் என்பது அதிகாரத்துக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை!

ஆமை சொல்லிய பாடம்

கணினிக்கு வருவோம். 1967-இல் அமெரிக்காவில், சீமோர் பேப்பர்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இளமையிலேயே நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர். அவர் மொழியில் ஓர் ஆமை உண்டு. 'நூறு அடி முன்னே போ. தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு' என்று குழந்தை கட்டளையிடும். நான்கு முறை சொன்னால் ஆமை சதுரம் வரையும். தவறாகத் திரும்பச் சொன்னால் கோணல் மாணலாக வரையும். அடி இல்லை; திட்டு இல்லை. எங்கே பிசகினோம் என்று குழந்தையே தேடித் திருத்தும். கணினி குழந்தையை ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை ஆட்டிவைக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

அந்த வழியில் 2007-இல் வந்தது 'ஸ்கிராட்ச்'. வண்ண வண்ணக் கட்டைகளை அடுக்குவது போல் கட்டளைகளை அடுக்கிக் குழந்தைகள் கதையும் விளையாட்டும் செய்கிறார்கள். காசு கிடையாது. ஒருமுறை கணினியில் இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம். தமிழிலேயே கட்டளை எழுத 'எழில்' என்ற கணினி மொழியும் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதவனுக்குக் கணினி இல்லை என்பது ஆண்டவன் எழுதிய எழுத்தல்ல, தோழர்களே!

அண்டை வீட்டைப் பாருங்கள். கேரளத்தில் 2001-இலேயே பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கி, எந்தக் கம்பெனிக்கும் கப்பம் கட்டாத கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறார்கள். ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளுக்கு 'களிப்பெட்டி' என்றே கணினிப் பாடநூல். 2009-இல் 'ஸ்கூல் விக்கி' என்ற பொதுத் தளத்தைத் தொடங்கி, பள்ளிதோறும் தன் ஊரைப் பற்றித் தானே எழுத வைத்தார்கள். 2020-இல் கொரோனா நோய் பள்ளிகளைப் பூட்டிய நாளில், வீட்டில் அடைபட்ட பிள்ளைகளிடம் கதை, கவிதை, கட்டுரை கேட்டார்கள். அந்தத் தளத்தில் ஏறிய படைப்புகள் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. மலையாளத்தில்! தாய்மொழியில்!

நம் வீட்டு நிலை

தமிழ்நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள், 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று 2024-இல் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று 'ஊஞ்சல்' என்ற இதழைப் பள்ளிக் கல்வித்துறை 2022 முதல் வெளியிடுகிறது. அதில் பிள்ளைகளின் எழுத்தும் ஓவியமும் வருகின்றன. வரவேற்கிறோம்.

ஆனால் சுவரில் தொங்கும் பெரிய திரை, கரும்பலகையின் இடத்தில் வந்த வெள்ளைப் பலகையாக மட்டும் இருந்தால் என்ன பயன்? அன்று ஆசிரியர் பேசினார், பிள்ளை கேட்டது. இன்று திரை பேசுகிறது, பிள்ளை கேட்கிறது. வாய் மட்டும் மாறியது; காது மாறவில்லை! பணக்காரர் வீட்டுப் பிள்ளை மாதம் ஆயிரக்கணக்கில் கட்டி, மாலையில் ஆமையை ஆட்டிவைக்கப் படிக்கிறது. நெசவாளி மகள், சுமைதூக்கும் தோழன் மகன் திரையைப் பார்த்துத் தலையாட்டப் படித்தால், நாளைக்கு யார் கட்டளை இடுவார், யார் கட்டளைக்குக் காத்து நிற்பார் என்பதை நாம் விளக்க வேண்டுமா? ஆலையில் நாள்தோறும் காண்பதுதானே!

'எங்கள் பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் கூட்டவே வரவில்லை, இதில் கணினியா?' என்று கேட்கும் தாய் தந்தையர் உண்டு. நியாயமான கேள்வி. எழுத்துக் கூட்டுவது ஏன் கசக்கிறது? யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்து எழுதுவதால்! மதிப்பெண் போட்டு மூடிவைக்கும் ஏட்டுக்கு எழுதுவது வேறு. பக்கத்து ஊர்ப் பிள்ளை படிக்கப் போகிறது என்று எழுதுவது வேறு. இரண்டாவதில் குழந்தை 'ர'வா 'ற'வா என்று தானே வந்து கேட்கும். எழுதவே வராத முதல் வகுப்புப் பிள்ளை பேசட்டும். பாட்டி சொன்ன கதையைக் குரலில் பதியட்டும். நாற்று நடும்போது பாடும் பாட்டைப் பதிந்து வரட்டும். அந்தப் பாட்டி பள்ளிப் படியே ஏறாதவளாக இருக்கலாம். அவள் குரல் வகுப்பறைக்குள் ஏறட்டும்!

'ஆபத்து இல்லையா?' உண்டு. மறைக்க மாட்டோம். ஆகையால் வேலி வேண்டும். குழந்தையின் முழுப்பெயர் வேண்டாம், முகப்படம் வேண்டாம், வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம். ஆசிரியர் படித்த பிறகே வெளியே போகட்டும். வெளியார் எழுதும் பதிலும் ஆசிரியர் கண்ணில் பட்ட பிறகே குழந்தைக்குப் போகட்டும். பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. 'இலவசம்' என்று வலை விரிக்கும் கம்பெனி, பிள்ளையின் விவரத்தைத்தான் விலையாக வாங்குகிறது என்பதை மறக்காதீர்கள். ஸ்காட்லாந்துச் சிறுமி புனைபெயரில் எழுதியது நல்ல பாடம்.

நம்மையே கேட்டுக் கொள்வோம்

இப்போது கசப்பான ஒரு கேள்வி. பிறரைக் கேட்பது எளிது. நம்மை நாமே கேட்போம்.

நம் தோழர் ஒருவர் தலைவராக உள்ள ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பள்ளியில் ஒரு நாலாம் வகுப்புச் சிறுமி, 'இன்று சோற்றில் கல் இருந்தது. முட்டை சிறியதாக இருந்தது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை' என்று எழுதுகிறாள். நாம் என்ன செய்வோம்? தண்ணீர்க் குழாயைச் சரி செய்வோமா? அல்லது, 'யார் இதை எழுதச் சொன்னது?' என்று தலைமையாசிரியரைக் கூப்பிட்டு மிரட்டுவோமா?

1956-இல் பள்ளியில் மதிய உணவு வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டது இந்த மண். சோறு போட்டவர்கள், அந்தச் சோற்றைப் பற்றிப் பிள்ளை சொல்லும் சொல்லையும் கேட்க வேண்டும். சமைக்கும் தாய்மாரும் நம் வர்க்கமே. கல் கிடந்தால் குற்றம் அரிசி அனுப்பியவனுடையதா, ஆள் போதாமல் விட்டவனுடையதா என்று பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஸ்காட்லாந்துப் பத்திரிகை செய்தது போல் அடுப்படிப் பெண்கள் மேல் பழிபோடக் கூடாது. அங்குள்ள ஊராட்சி செய்தது போல் குழந்தையின் கையையும் கட்டக் கூடாது. நம் கொள்கைக்கு உரைகல் இதுதான்!

தோழர்களே, பெரிய செலவு எதையும் நாம் கேட்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். வேலை முடித்துக் களைத்து வந்தாலும் போங்கள். வாரத்தில் ஒரு பாட வேளை பிள்ளைகள் எழுத, வரைய, பதிய ஒதுக்குங்கள் என்று கேளுங்கள். ஆசிரியரின் கைக்கணினி ஒன்றே போதும்; முப்பது பிள்ளைகளுக்கு மாதம் ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்தை இன்னொரு மாவட்டப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மலைப் பள்ளி கடற்பள்ளிக்கு எழுதட்டும். அதையே ஒரு தாளில் அச்செடுத்து நம் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு காலத்தில் கையெழுத்து ஏடு நடத்தி, முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் உரக்கப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சுவரில் இனி நம் பிள்ளைகளின் எழுத்தும் இருக்கட்டும்.

ஒரு மாலை, ஆலையிலிருந்து திரும்பும் தோழரின் சட்டையைப் பிடித்து இழுத்து, 'அப்பா, நான் எழுதினது வந்திருக்கு, படிங்க!' என்று ஒரு குழந்தை சொல்லும். அப்போது களைப்பாக இருக்கிறது என்று தள்ளிவிடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவராக இருந்தால், அந்தப் பிள்ளையையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை இருக்கும், இருக்கட்டும். அதில் உங்கள் தெரு இருக்கும், உங்கள் வீட்டு அடுப்பு இருக்கும், உங்கள் உழைப்பு இருக்கும்.

நம்மைப் பற்றி இதுவரை பிறர் எழுதினார்கள். இனி நம் பிள்ளைகள் எழுதட்டும்! கேட்க அஞ்சாமல் நாம் இருப்போம்!